வண்டி கொதிக்குதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். எழுத்துப் பிழை இருந்தா எடிட்டர் டீம் திருத்திடுவாங்கன்னு நம்பித்தான் இதை எழுதுறேன்.

எங்க வீடு திருச்சுழிப் பக்கம். வீட்டுல ஒரு பழைய மாருதி 800 இருக்கு. கார்புரேட்டர் காலத்து வண்டி, என்னை விட வயசு அதிகம். போன சித்திரையில அப்பத்தாவைக் கண் செக்கப்புக்கு மதுரை கூட்டிட்டுப் போகணும். காலையில பத்து மணிக்குக் கிளம்பினோம். அருப்புக்கோட்டை வர்றதுக்கு முன்னாடியே டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுடுச்சு. பானட்டைத் திறந்தா உள்ளே உலை கொதிக்கிற சத்தம். அப்பா அவசரத்துல துண்டைச் சுத்தி ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டார். தண்ணியும் ஆவியும் ஒண்ணா மேல அடிச்சது. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு.

ரோட்டோரத்துல சீமைக் கருவேலம்தான். அதுக்கு நிழல்னு ஒண்ணு கிடையாது, சல்லடை மாதிரி வெயில் இறங்கும். அங்க அப்பத்தா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்கு செக்கப்பும் போச்சு.

அதுக்கப்புறம் மூணு மெக்கானிக்கிட்ட காட்டினோம். ஒருத்தர் ஃபேன் மோட்டாரை மாத்தினார். இன்னொருத்தர், 'தெர்மோஸ்டாட்டை ஏற்கெனவே யாரோ கழட்டிட்டாங்க, அதான் நல்லது, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு' என்றார். மூணாவது ஆள், 'ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்' என்று சொன்ன தொகை, வண்டியை வித்தா வர்ற பணத்துல பாதி. அப்பா பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டார்.

இதுல எனக்கு உறைச்ச விஷயம் வேற. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான். ஆனா எங்க வண்டியில தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் எதுன்னு கேட்டா எனக்குக் கை காட்டத் தெரியலை. 'ஒரு வாரம் டைம் குடுங்கப்பா' என்று கேட்டேன். அந்த வாரத்துல கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுலயும் ஒரு பழைய கார், வேன், குட்டி லோடு வண்டி எதாவது இருக்கும். உபயோகப்படும்.

முதல்ல கணக்கு: எவ்வளவு சூடு?

பெட்ரோல்ல இருக்கிற சக்தியில தோராயமா மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துப் பக்கம் போகுது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியா வெளியே. மிச்ச ஒரு பங்கு எஞ்சின் சுவர்ல இறங்குது. அதை வெளியேத்துறதுதான் கூலிங் சிஸ்டத்தோட வேலை.

எங்க வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கி.மீ. வேகம், லிட்டருக்கு 16 கி.மீ. மைலேஜ். அப்போ ஒரு மணி நேரத்துக்கு 3.75 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் என்று வெச்சா மொத்தம் 33 கிலோவாட். அதுல மூணுல ஒண்ணு 11 கிலோவாட். வீட்டு பாத்ரூம்ல இருக்கிற 2 கிலோவாட் கீசர் அஞ்சாறை ஒண்ணா ஆன் பண்ணி, நாலு லிட்டர் தண்ணியில விட்ட மாதிரி. தண்ணி ரேடியேட்டருக்குப் போகலைன்னா, எஞ்சினோட உலோக எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாக்கூட 80 டிகிரியில இருந்து 100 டிகிரிக்கு ஏற ரெண்டு நிமிஷம்தான் ஆகும். முள் சிவப்புக்கு வந்தப்புறம், 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், வீட்டுக்குப் போயிடலாம்'னு ஓட்டக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான். அந்த ரெண்டு கிலோமீட்டர்லதான் அலுமினிய ஹெட் வளையும்.

இன்னொரு கணக்கு. ரேடியேட்டர் வெளியேத்துற சூடு, தண்ணிக்கும் வெளிக்காத்துக்கும் இருக்கிற டிகிரி வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணி 90 டிகிரி, காத்து 30 டிகிரின்னா வித்தியாசம் 60. காத்து 40 டிகிரி ஆயிட்டா வித்தியாசம் 50. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனா திறமையில ஆறுல ஒரு பங்கு காணாமப் போச்சு. மார்கழியில ஒளிஞ்சிருந்த கோளாறு சித்திரையில வெளியே வர்றதுக்கு இதுதான் காரணம். வெயில் நோயை உண்டாக்கலை, காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான்.

தண்ணி எந்த வழியா ஓடுது?

ரொம்பச் சுருக்கமா. எஞ்சினைச் சுத்தி உள்ளே தண்ணி ஓடுற அறைகள் இருக்கு. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணியைத் தள்ளுது. எஞ்சின் சூடாகிற வரைக்கும் தெர்மோஸ்டாட் வழியை மூடி வெச்சிருக்கும். உள்ளே மெழுகு அடைச்ச ஒரு சின்னக் குப்பி. சூட்டுல மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளித் திறக்கும். பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகள்ல 80 முதல் 90 டிகிரிக்குள்ள திறக்கும், எத்தனை டிகிரின்னு அதன் மேலேயே பொறிச்சிருப்பாங்க. திறந்ததும் சூடான தண்ணி மேல் ஹோஸ் வழியா ரேடியேட்டருக்கு வரும், ஆறிட்டு கீழ் ஹோஸ் வழியா திரும்பப் போகும். வண்டி ஓடும்போது எதிர்க்காத்து ஆத்தும், நிக்கும்போது ஃபேன் ஆத்தும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு ப்ரஷர் வால்வு. நம்ம குக்கர் மாதிரி. 0.9 பார் அழுத்தம் தாங்குற மூடி போட்டா, வெறும் தண்ணியே 100 டிகிரிக்குப் பதிலா 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியோட ரப்பர் போயிட்டா அந்த 18 டிகிரி லாபம் போச்சு. அப்பா மூடியைத் திறந்தப்போ நடந்ததும் இதுதான். 100 டிகிரிக்கு மேல இருந்த தண்ணிக்கு அழுத்தம் திடீர்னு போனதும், மொத்தமா பொங்கி ஆவியா வெளியே வந்துச்சு. கொதிக்கிற குக்கரை யாரும் விசிலோட சேர்த்து மூடியைத் திறக்க மாட்டோம், இல்லையா?

இன்னைக்கு நமக்கு இது கூத்தாத் தெரியுது. 1888-ல பெர்த்தா பென்ஸ் தன் ரெண்டு பசங்களோட மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் கார் ஓட்டிட்டுப் போனப்போ, வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்திக்கிட்டே போனாங்க. அந்த வண்டியில தண்ணி கொதிச்சு ஆவியாகிப் போறதுதான் கூலிங் முறையே. தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டுறது அன்னைக்கு டிசைன். இன்னைக்கு அது நோயோட அறிகுறி. இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

எப்போ சூடாகுது? இதை முதல்ல கேளுங்க

டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறதுக்கு முன்னாடி கேள்விதான் கேட்பார். வண்டிக்கும் அதே.

நிக்கும்போது, டிராஃபிக்ல ஏறுது, ஓடும்போது இறங்குது என்றால்: காத்துப் பிரச்சினை. ஃபேன், ஃபியூஸ், ரிலே, ஃபேனை ஆன் பண்ற சுவிட்ச், இல்லைன்னா ரேடியேட்டர் இடுக்குல அடைப்பு.

நிக்கும்போது சரி, 60-க்கு மேல போனா, ஏத்தத்துல, நாலு பேர் உட்கார்ந்தா ஏறுது என்றால்: தண்ணி ஓட்டம் பத்தலை, இல்லை ரேடியேட்டர் உள்ளே அடைச்சிருக்கு. வாட்டர் பம்ப், தளர்ந்த பெல்ட், உள்ளே அமுங்கிற கீழ் ஹோஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

ஸ்டார்ட் பண்ணி அஞ்சு பத்து நிமிஷத்துலயே ஏறுது என்றால்: மூடியே மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட், உள்ளே காத்துக் குமிழ், தண்ணி ரொம்பக் குறைவு, அல்லது ஹெட் கேஸ்கெட்.

முள் ஏறவே மாட்டேங்குது என்றால்: தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்னுடுச்சு, அல்லது யாரோ கழட்டிட்டாங்க. சென்சார் கோளாறாவும் இருக்கலாம்.

கடைசியா ஒரு ஆபத்தான கேஸ். முள் ஏறிட்டு திடீர்னு கீழ இறங்கும், நாம சந்தோஷப்படுவோம். தண்ணி முழுக்கப் போய் சென்சார் வெறும் ஆவியில நின்னா அப்படிக் காட்டும். முள்ளை மட்டும் நம்பாதீங்க. வாடை, ஆவி, எஞ்சின் சத்தம், இழுவை குறையறது எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க.

எங்க வண்டி ரெண்டாவது வகை. வீட்டு வாசல்ல அரை மணி நேரம் ஸ்டார்ட்ல விட்டாலும் ஒண்ணும் ஆகாது. ரோட்டுல 60 தொட்டா முள் கிளம்பும். இதை முதல்லயே கேட்டிருந்தா ஃபேன் மோட்டார் காசு மிச்சம். பழைய ஃபேன் நல்லாத்தான் சுத்திக்கிட்டு இருந்திருக்கு.

வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியது

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, காலையில, கையில டார்ச்சோட ஆரம்பிங்க. செலவு பூஜ்யம்.

1. மூடியைத் திறந்து மட்டம் பாருங்க. கழுத்து வரைக்கும் தண்ணி இருக்கணும். பக்கத்து பாட்டில்ல தண்ணி இருக்கு, ரேடியேட்டர்ல குறைவா இருக்குன்னா, மூடி சரியா உறிஞ்சலை. ஆறும்போது பாட்டில்ல இருந்து தண்ணியைத் திரும்ப இழுக்கிற சின்ன வால்வு மூடியிலயே இருக்கு. மூடி ரொம்ப விலை இல்லாத பொருள். சந்தேகம்னா மாத்திடுங்க, ஆனா அதே அழுத்த எண் உள்ளதை வாங்குங்க.

2. நிறம் பாருங்க. பச்சை, சிவப்பு, நீலம் என்றால் கூலன்ட். செம்மண் கரைசல் மாதிரி இருந்தா துரு. வெள்ளைத் திப்பி என்றால் உப்பு. மேல எண்ணெய்ப் படலம் மிதந்தா கவலைப்பட வேண்டிய விஷயம்.

3. எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்க. பால் காப்பி நிறத்துல நுரைச்சிருந்தா தண்ணி எஞ்சின் ஆயிலோட கலந்திருக்கு. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீங்க.

4. ஹோஸை அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரியும் இருக்கக் கூடாது, இட்லி மாதிரியும் இருக்கக் கூடாது. கிளிப் பக்கத்துல வெள்ளைக் கோடு தெரிஞ்சா அங்க கசிஞ்சு காய்ஞ்சிருக்கு.

5. வாட்டர் பம்ப் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள் சீல் போனா அது வழியா சொட்டும். வேணும்னேதான் அந்த ஓட்டை வெச்சிருக்காங்க, பேரிங்குக்குத் தண்ணி போகாம இருக்க. அதைச் சுத்தி வெள்ளையா, பச்சையா பொரிஞ்சிருந்தா பம்ப் விடைபெறுதுன்னு அர்த்தம்.

6. ரேடியேட்டர் முகத்தைப் பாருங்க. கரிசல் புழுதி, பூச்சி, பஞ்சு, வைக்கோல் தூசி எல்லாம் இடுக்குல அப்பியிருக்கும். எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, மெதுவான அழுத்தத்துல தண்ணி அடிங்க. வாட்டர் சர்வீஸ்ல பக்கத்துல வெச்சு முழு அழுத்தத்துல அடிச்சா மெல்லிய தகடெல்லாம் மடங்கிடும், அப்புறம் காத்தே போகாது.

எங்க வண்டியில இந்த ஆறுல மூணு மாட்டிச்சு. மட்டம் அரை லிட்டருக்கு மேல கீழ. தண்ணி செம்பழுப்பு. பம்ப் ஓட்டையில இருந்து கீழ வரைக்கும் வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.

சூடாகும்போது பார்க்க வேண்டியது

முதல்ல எச்சரிக்கை. ஃபேன் சொல்லாம கொள்ளாம சுத்தும், எஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் சில வண்டிகள்ல சுத்தும். கை, துப்பட்டா, ஐடி கார்டு கயிறு எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

ஹெட் கேஸ்கெட் டெஸ்ட்: எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஆரம்பத்துல நாலஞ்சு குமிழ் வந்து நின்னா அது உள்ளே சிக்கின காத்து. நிக்காம, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க சோடா மாதிரி பொங்கினா, எரியுற வாயு தண்ணிக்குள்ள வருது. இன்னொரு அடையாளம், ஸ்டார்ட் பண்ணின ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல, தண்ணி சூடாகிறதுக்கு முன்னாடியே மேல் ஹோஸ் விறைச்சுப் போறது. எஞ்சின் சூடான பிறகும் சைலன்சர்ல வெள்ளைப் புகை தொடர்ந்து வர்றதும் அதே குடும்பம். தண்ணி சூடாக ஆரம்பிச்சதும் மூடியைப் போட்டுடுங்க.

எங்க வண்டியில பத்து நிமிஷம் பார்த்தும் குமிழ் இல்லை, ஆயில் சுத்தம், புகை இல்லை. எஞ்சினைப் பிரிக்கிற செலவு அந்தப் பத்து நிமிஷத்துல தள்ளிப் போச்சு.

தெர்மோஸ்டாட் டெஸ்ட்: ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸை அப்பப்போ தொட்டுப் பாருங்க. நல்ல தெர்மோஸ்டாட்னா, எஞ்சின் சூடாகிற வரைக்கும் ஹோஸ் ஆறியே இருக்கும், அப்புறம் சட்டுனு சூடேறும். ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா ஏறினா அது திறந்தே கிடக்கு, அல்லது இல்லவே இல்லை. எஞ்சின் கொதிக்குது, ஹோஸ் மட்டும் ஜில்லுன்னு இருக்குன்னா மூடியே மாட்டிக்கிச்சு. கழட்டி வெச்சிருந்தா, ஒரு பழைய பாத்திரத்துல தண்ணியில தொங்கவிட்டுச் சூடு பண்ணுங்க. லேப் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தா எத்தனை டிகிரியில திறக்குதுன்னு கண்ணால பார்க்கலாம். அம்மாவோட சாம்பார் சட்டி வேண்டாம். கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம்.

ஃபேன் டெஸ்ட்: வண்டியை நிறுத்தி வெச்சே ஓடவிடுங்க. முள் பாதியைத் தாண்டினதும் ஃபேன் தானா சுத்தி, கொஞ்ச நேரத்துல நிக்கணும். சுத்தலைன்னா, ரெண்டு வயர் உள்ள பழைய வகை சுவிட்ச்ல பிளக்கைக் கழட்டி அந்த ரெண்டு வயரையும் இணைச்சுப் பாருங்க. ஃபேன் சுத்தினா சுவிட்ச் போச்சு. சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார்னு பின்னாடி போங்க.

ரேடியேட்டர் டெஸ்ட்: இதுக்கு லேப்ல இருந்து ஐ.ஆர். தெர்மாமீட்டரை ஒரு நாள் கடன் வாங்கினேன், ஸ்டாஃப்கிட்ட கையெழுத்துப் போட்டுத்தான். நல்லா சூடான பிறகு ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமா அளந்தேன். தண்ணி நுழையுற பக்கத்துல இருந்து வெளியேறுற பக்கம் வரைக்கும் சூடு சீரா இறங்கிட்டு வரணும். நடுவுல ஒரு இடம் மட்டும் திடீர்னு ஆறியிருந்தா, அந்தக் குழாய்கள்ல தண்ணி ஓடலைன்னு அர்த்தம். ஒரு டிப்: பளபளக்குற அலுமினியத்துல இந்தக் கருவி தப்பான எண் காட்டும், எமிசிவிட்டி கம்மி. அங்க ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப் மேல அளங்க.

எங்க ரேடியேட்டர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இடம் ஆறிக் கிடந்துச்சு. மேலே சொன்ன 'ஆறுல ஒரு பங்கு' நஷ்டத்தை இதோட சேர்த்துப் பாருங்க. சித்திரை மாசம், 60 கி.மீ. வேகம், நாலு பேர். கொதிக்காம என்ன செய்யும்?

வில்லன் யாரு? நம்ம போர் தண்ணி

சரி, குழாய் ஏன் அடைச்சுது? பதில் எங்க காலுக்குக் கீழயே இருந்துச்சு.

அருப்புக்கோட்டைக்குத் தெற்க பந்தல்குடிப் பக்கம் போனா சுண்ணாம்புக்கல் சுரங்கம் பார்க்கலாம். சுண்ணாம்பு இருக்கிற பூமியில இறங்குற தண்ணி, கால்சியம் பைகார்பனேட்டைக் கரைச்சுக்கிட்டுத்தான் வரும். அதைச் சூடாக்கினா கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும், கரையாத கால்சியம் கார்பனேட் படியும். எங்க பக்கம் வெந்நீர் அண்டாவோட உள்பக்கம் வெள்ளையா ஓடு கட்டியிருக்கும், பார்த்திருப்பீங்க. அதே ஓடுதான் எஞ்சினுக்குள்ளயும்.

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப்ல ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் பண்ணினோமே, ஒயின் சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் சொட்டுச் சொட்டா விடுறது, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சுல பார்த்து எழுதினேன். இந்தத் தடவை எங்க போர் தண்ணியை ஒரு பாட்டில்ல கொண்டுபோய் உண்மையா செஞ்சேன். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுது. வேற தண்ணி கிடைக்கலைன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம். எங்க தண்ணி அந்த 600-ஐயும் தாண்டுச்சு.

இந்த ஓடு எவ்வளவு கெடுதல்? வார்ப்பிரும்போட வெப்பம் கடத்தும் திறன் சுமார் 50, தாமிரத்துக்கு 400 பக்கம். இந்த ஓட்டுக்கு 2 என்று வெச்சுக்கோங்க. எல்லாம் வாட் பெர் மீட்டர் கெல்வின் கணக்கு. 1 மி.மீ. ஓடு, 25 மி.மீ. வார்ப்பிரும்புச் சுவருக்குச் சமமா சூட்டைத் தடுக்கும். தாமிரம்னா 200 மி.மீ.

இப்போ முக்கியமான கணக்கு. நாலு லிட்டர் தண்ணியை ஒரே ஒரு தடவை ஊத்தினா, 600 மி.கி. வீதம் உள்ளே போற சுண்ணாம்பு அதிகபட்சம் 2.4 கிராம். ஒரு ஸ்பூன் கூட இல்லை. அதனால மட்டும் எந்த ரேடியேட்டரும் அடைக்காது. ஆனா தினம் ஒரு லிட்டர் 'டாப் அப்' பண்ணினா? வருஷத்துக்கு 365 லிட்டர், 219 கிராம். அதுல எல்லாமே ஓடாப் படியாது, பைகார்பனேட் பங்கு மட்டும்தான் படியும். பாதின்னு வெச்சாக்கூட நூறு கிராமுக்கு மேல சுண்ணாம்பு, பென்சில் லீடு அளவு இடுக்குகளுக்குள்ள.

அப்போ உண்மையான முதல் நோய் உப்புத் தண்ணி இல்லை, கசிவு. பம்ப் சீல் மெதுவா சொட்டுச்சு. அப்பா தினம் காலையில ஒரு சொம்பு போர் தண்ணி ஊத்தினார். 'வண்டி தண்ணி குடிக்குது, பழைய வண்டி அப்படித்தான்' என்பார். மூடின சிஸ்டம் தண்ணி குடிக்காது மக்களே. குறையுதுன்னா எங்கயோ போகுது. ரோட்டுலயோ, சைலன்சர்லயோ, ஆயில்லயோ. அந்தத் தினசரி சொம்புதான் அஞ்சாறு வருஷத்துல ரேடியேட்டரை அடைச்சது. பெர்த்தா பென்ஸ் வரியை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டலாமா?

நம்ம பக்கம் பழைய வண்டி பாதிக்கு இதைக் கழட்டித்தான் வெச்சிருக்காங்க. கழட்டினா தண்ணி எப்பவும் ரேடியேட்டருக்குப் போகும், முள் கொஞ்சம் இறங்கும், பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். நடக்கிறது என்னன்னா, அடைச்ச ரேடியேட்டரோட நோய் இன்னும் ஒரு வருஷம் மறைஞ்சிருக்கும். அதுக்குள்ள எஞ்சின் காலையில ரொம்ப நேரம் ஆறியே ஓடும், பெட்ரோல் கூடச் செலவாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். சில எஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடவும் செய்யும். அதைக் கழட்டினா தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்திக்கிட்டு இருக்கும், சூடு கூடத்தான் செய்யும்.

'தண்ணி வேகமா ஓடினா ஆறுறதுக்கு நேரம் கிடைக்காது' என்றும் ஒரு காரணம் சொல்வாங்க. அது தப்பு. வேகம் கூடினா வெப்பப் பரிமாற்றம் கூடும், குறையாது. செமஸ்டர்ல எழுதியிருக்கோம். முடிவு சரி, காரணம் தப்பு.

நாங்க என்ன செஞ்சோம்

லிஸ்டை எழுதி எடுத்துக்கிட்டு அருப்புக்கோட்டையில ஒரு வயசான ரேடியேட்டர் மெக்கானிக்கிட்ட போனேன். பேப்பரைப் பார்த்துட்டுச் சிரிச்சார். 'தம்பி, இதைக் கையால தொட்டே சொல்லுவேன்' என்று ரேடியேட்டர் மேல உள்ளங்கையை வெச்சு, நான் கட்டம் போட்டு அளந்த அதே இடத்தைக் காட்டினார். எனக்கு ஐ.ஆர். கருவி வேணும், அவருக்கு வேண்டாம்.

நான் பாத்ரூம் ஆசிட் ஊத்தி ஓட்டைக் கரைக்கலாம்னு ஒரு ஐடியா வெச்சிருந்தேன். அதைச் சொன்னதும் முகம் மாறிடுச்சு. 'ஓடும் போகும், அலுமினிய ஹெட்டும் போகும்' என்றார். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தை அரிக்கும், பிளஸ் டூ பாடம். எனக்குத் தோணலை. தயவுசெஞ்சு நீங்களும் செய்யாதீங்க.

அவர் ரேடியேட்டரோட டேங்கைக் கழட்டி, ஒவ்வொரு குழாயிலயும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தார். விழுந்த வெள்ளைப் பொடியை ஒரு டம்ளர்ல பிடிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அப்பாகிட்ட காட்ட. பம்ப் புதுசு, தெர்மோஸ்டாட் புதுசு, மூடி, ரெண்டு ஹோஸ், பெல்ட். ரேடியேட்டர் தாமிரமா இருந்ததால குத்த முடிஞ்சது. பிளாஸ்டிக் டேங்க், அலுமினிய வகைன்னா பெரும்பாலும் மாத்தத்தான் வேணும். மொத்தச் செலவு, எஞ்சினைப் பிரிக்கச் சொன்ன தொகையில மூணுல ஒரு பங்குக்கும் கம்மி.

திரும்ப நிரப்பும்போது கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிப் பாதி. 'நம்ம ஊர்ல பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு' என்று அப்பா கேட்டார். உறையாம இருக்க இல்லை, அதுல துருவைத் தடுக்கிற ரசாயனம் இருக்கு, கொதிநிலையும் கொஞ்சம் ஏறும். மெதுவா ஊத்தி, ஹீட்டர் குமிழை சூட்டுப் பக்கம் திருப்பி வெச்சு, மூடியைத் திறந்தபடியே தெர்மோஸ்டாட் திறக்கிற வரைக்கும் ஓடவிட்டு, காத்து வெளியேறி மட்டம் இறங்கினதும் நிரப்பி மூடணும். பாட்டில்ல போட்டிருக்கிற காலக்கெடு முடிஞ்சதும் மாத்தணும்.

நடுரோட்டுல கொதிச்சா

ஏசி ஆஃப். ஹீட்டர் இருந்தா முழு சூட்டுல, முழு ஃபேன்ல வைங்க. வேர்க்கும், ஆனா அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரமா நிறுத்துங்க. ஆவி வந்தாலோ, தண்ணி கொட்டினாலோ உடனே ஆஃப். மூடியைத் தொடாதீங்க, குறைஞ்சது அரை மணி நேரம், மேல் ஹோஸைத் தாராளமா அமுக்க முடியுற வரைக்கும். கொதிக்கிற எஞ்சின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட் வெடிப்பு விடும். ஆறின பிறகு, வேற வழியே இல்லைன்னா எந்தத் தண்ணியும் ஊத்தலாம், போர் தண்ணியா இருந்தாலும். ஆனா வீட்டுக்கு வந்ததும் கசிவைக் கண்டுபிடிச்சு, அந்தத் தண்ணியை வடிச்சிடணும். அதை மறந்துடறதுலதான் எங்க கதை ஆரம்பிச்சது.

வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறவங்க, காலையில வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மட்டத்தைப் பார்த்து பாட்டில்ல மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. அடுத்த ஞாயிறு திரும்பப் பாருங்க. கோட்டுக்குக் கீழ போயிருந்தா சொம்பைத் தேடாதீங்க, டார்ச்சைத் தேடுங்க.

அப்பாவோட கையில தழும்பு இன்னும் இருக்கு. அப்பத்தாவோட செக்கப் ரெண்டு மாசம் தள்ளி நடந்துச்சு, அதே வண்டியிலதான் போனோம். திருச்சுழியில இருந்து மதுரை வரைக்கும் முள் பாதியைத் தாண்டலை. வழியில அருப்புக்கோட்டைக்கு முன்னாடி, அந்தக் கருவேல மரம் வந்தப்போ அப்பத்தா, 'ஏய்யா, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு உங்கப்பனை' என்றார்கள். அப்பா 50-க்கு இறக்கினார். நான் முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.